பள்ளி மறுத்தால் என்ன செய்வது? சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு சட்ட வழிகாட்டி

“உங்கள் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம்” என்று எந்தத் தலைமையாசிரியரும் நேரடியாகச் சொல்வதில்லை. “எங்களிடம் சிறப்பாசிரியர் இல்லைங்க, பிள்ளைதான் கஷ்டப்படும். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே பள்ளிகள் இருக்கின்றன, அங்கே ஒருமுறை பாருங்களேன்” என்று கனிவாகத்தான் சொல்வார். அப்பாவும் அம்மாவும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வருவார்கள். அந்த அறையில் ஒரு மறுப்பு நிகழ்ந்ததற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடச் சாட்சியாக இருக்காது. பெற்றோருக்காக மனு எழுதிக் கொடுக்கும் பழக்கத்தில் நான் மீண்டும் மீண்டும் கண்டது இதுதான்: சட்டம் வலுவாகவே இருக்கிறது, ஆனால் அது காகிதத்தில் உள்ள மறுப்பின் மீது மட்டுமே பாய்கிறது. எனவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, வாயால் சொன்ன மறுப்பை எழுத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பதைப் பற்றியது. இது தமிழ்நாட்டில் வாழும் பெற்றோரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.

முதலில்: எந்தச் சட்டத்தின் மீது நிற்கிறீர்கள்?

இரண்டு சட்டங்களை அறிந்துகொண்டால் போதும். ஒன்று, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது இது. சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது என்றும் (பிரிவு 13), தொடக்கக் கல்வி முடியும் வரை பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்றும் (பிரிவு 16), உடல் தண்டனையோ மனத் துன்புறுத்தலோ கூடாது என்றும் (பிரிவு 17) சொல்கிறது. சேர்க்கைத் தேர்வு நடத்தினால் முதல்முறை 25,000 ரூபாய் வரையும், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. “சும்மா பேசிப் பார்த்தோம்” என்று பள்ளிகள் சொல்லும் ‘இன்டராக்‌ஷன்’, பிள்ளையைத் தெரிவுசெய்யும் நோக்கில் நடந்தால், அதுவும் இந்தத் தடைக்குள் வரும் என்றே வாதிட வேண்டும்.

மற்றொன்று, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. மதியிறுக்கம் (ஆட்டிசம்), அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மூளை முடக்குவாதம் உள்ளிட்ட 21 வகைகளை இச்சட்டம் ஏற்கிறது. இயலாமை 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருப்பதாகச் சான்று பெற்ற குழந்தைக்கு, ஆறு முதல் பதினெட்டு வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 31ஆம் பிரிவு தருகிறது. விருப்பம் குழந்தையுடையது, பள்ளியுடையது அல்ல.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அரசு நிதி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், தனிப்பட்ட ஆதரவு தர வேண்டும் என்றெல்லாம் 16ஆம் பிரிவு பட்டியலிட்டாலும், அரசு அதற்கு “முயல வேண்டும்” என்பதுதான் அதன் வாசகம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அந்தச் சொல்லைத்தான். ஆகவே மனுவில் 16ஆம் பிரிவை மட்டும் குறிப்பிடாதீர்கள். பாகுபாட்டைத் தடைசெய்யும் 3ஆம் பிரிவையும் அதனோடு சேருங்கள். குழந்தைக்குத் தேவையான நியாயமான தகவமைப்பை, அதாவது வழக்கறிஞர்கள் ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ என்று சொல்வதை, மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்தின் விளக்கப் பிரிவே வரையறுத்திருக்கிறது. இந்தத் தகவமைப்புக்கு 40 விழுக்காடு என்ற எல்லை கிடையாது. தேர்வெழுத உதவியாளர் கேட்ட விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் இதைத் தெளிவாக்கியது. “சான்றிதழில் 30 விழுக்காடுதானே இருக்கிறது” என்று கைவிரிக்கும் பள்ளிக்கு இதுவே பதில்.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே அத்தகைய பள்ளி என்றால், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மட்டுமே முன்வைத்து மனு எழுதுங்கள்.

கோப்பு

பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே ஒரு கோப்பைத் தொடங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், மருத்துவரின் அறிக்கை, உளவியலாளர் அல்லது பேச்சுப் பயிற்சியாளரின் மதிப்பீடு, பள்ளி தந்த மதிப்பெண் அட்டை, டைரியில் ஆசிரியர் எழுதிய குறிப்பு, வாட்ஸ்அப்பில் வந்த செய்தியின் அச்சுப்படி என எல்லாம் தேதி வரிசையில் அதில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் தனித்துவ அட்டையான யு.டி.ஐ.டி.யும் இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழிகாட்டுவார்கள், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். மதிப்பீடு அரசு மருத்துவமனையில் நடக்கும். அங்கே குழந்தையை ஒரு சில நிமிடங்கள்தான் பார்ப்பார்கள் என்பதால், வீட்டில் அவன் எப்படி இருக்கிறான், என்ன செய்ய முடியவில்லை என்பதை ஒரு பக்க அளவில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரிடம் “எல்லாம் நல்லாச் செய்வான் சார்” என்று பெருமைக்காகச் சொல்லிவிட்டு, வெளியே வந்து விழுக்காடு குறைந்துவிட்டதே என்று வருந்தியவர்கள் பலர்.

சான்றிதழ் கைக்கு வரும் வரை சேர்க்கையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. விண்ணப்பித்த ஒப்புகையையும் மருத்துவ அறிக்கையையும் இணைத்துப் பள்ளியில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடலாம். தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இலவச இடத்திற்கு முயல்வோர், மாற்றுத்திறன் கொண்ட குழந்தை ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில்’ வருவதையும், அந்தப் பிரிவுக்கு வருமான வரம்பு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அறிவிப்பு வரும் காலம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் பள்ளிக் கல்வித் துறையின் இணையதளத்தைக் கவனித்து வர வேண்டும்.

மறுப்பை எழுத்தாக்கும் கடிதம்

பள்ளியில் வாய்மொழியாக மறுத்தார்கள் என்றால், அன்றே அல்லது மறுநாளே தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கோபம் தெரியக் கூடாது, சட்டப் பிரிவுகள் நிரம்பி வழியவும் கூடாது. அது இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் மகனுக்கு வயது 7. அவனுக்கு மதியிறுக்கம் இருப்பதற்கான மருத்துவ அறிக்கையை இணைத்துள்ளேன். இரண்டாம் வகுப்பில் சேர்ப்பதற்காக இம்மாதம் 5ஆம் தேதி காலை 11 மணியளவில் தங்களைச் சந்தித்தபோது, சிறப்பாசிரியர் இல்லாத காரணத்தால் சேர்க்க இயலாது எனத் தெரிவித்தீர்கள். அவனுக்கு வேண்டியவை இவை: முன்வரிசையில் நிலையான ஓர் இருக்கை, கரும்பலகையைப் பார்த்து எழுதக் கூடுதல் நேரம், மணியடிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு ஐந்து நிமிடம் வராந்தாவில் நிற்க அனுமதி, வட்டார வள மையச் சிறப்பாசிரியர் வந்து பார்க்க ஒத்துழைப்பு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 3, 16 ஆகிய பிரிவுகளின்படி இவற்றைச் செய்து தந்து அவனைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். இயலாது எனில், அதற்கான காரணத்தை 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.”

இந்தக் கடிதத்தில் மூன்று வேலைகள் நடந்துவிட்டன. நாளும் நேரமும் குறித்து வாய்மொழி மறுப்பு பதிவாகிவிட்டது. பிள்ளைக்கு வேண்டியது மலையளவு அல்ல, ஓர் இருக்கையும் ஐந்து நிமிடமும்தான் என்பது படிப்பவர் எவருக்கும் புரிந்துவிட்டது. பள்ளி பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது உங்களுக்குச் சான்றாகிவிட்டது. கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். வாங்க மறுத்தால், விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் சேர்ப்பிக்கப்பட்டதற்கான இணையப் பதிவின் அச்சையும் கோப்பில் வையுங்கள்.

ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை என்றால் நெருக்கடி வேறு வடிவில் வரும். “டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், குறிப்பு எதுவும் எழுதாமல் நல்லபடியாகக் கொடுத்துவிடுகிறோம்” என்பார்கள். பெற்றோர் தாமே கேட்டதாக ஒரு கடிதத்தில் கையெழுத்தும் கேட்பார்கள். அந்தக் கையெழுத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். நீக்கப்பட்டவன் தானாக விலகியவனாக மாறுவது அந்த ஒரு கையெழுத்தில்தான். அதன் பிறகு எந்த அலுவலரிடம் சென்றாலும் முதலில் அவர் முன் வைக்கப்படுவது அந்தக் கடிதமாகவே இருக்கும். துணை ஆசிரியரைப் பெற்றோரே சம்பளம் கொடுத்து அமர்த்தினால்தான் வகுப்பில் வைத்திருப்போம் என்ற நிபந்தனையும் இவ்வகைதான். அதையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குவார்கள், அந்தத் தயக்கமே உங்களுக்குப் பயன்படும்.

கடுமையான அல்லது பலவகைக் குறைபாடுள்ள குழந்தைக்கு வீட்டுவழிக் கல்வி உண்டு. அதைத் தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் உரிமை. பள்ளிக்கு வர முடிந்த பிள்ளையை வீட்டிலேயே இருக்கச் செய்ய ஒரு பள்ளி அதைக் காரணமாக்க முடியாது.

அடுத்து யாரிடம்?

அரசுப் பள்ளி அல்லது அரசு உதவிபெறும் பள்ளி என்றால், முதலில் வட்டார வள மையத்திற்குச் செல்லுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் அங்கிருந்துதான் பள்ளிகளுக்குச் செல்கிறார்கள். மதிப்பீட்டு முகாம்கள், உதவி உபகரணங்கள், பள்ளிக்கு அழைத்துச் செல்லும் துணைவருக்கான படி ஆகியவையும் இவ்வழியில்தான் வருகின்றன. உங்கள் குழந்தைக்கான தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்பட்டுள்ளதா, அதன் நகல் கிடைக்குமா என்று அங்கே கேளுங்கள். பல பிரச்சினைகள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தீராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு. தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் என இப்போது தனித்தனி அலுவலர்கள் உள்ளனர். உங்கள் பள்ளி எதில் வருகிறது என்று பார்த்து முகவரியிடுங்கள், இல்லையென்றால் மனு மேசை மேசையாக அலையும். நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் போகட்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, குறையைக் கேட்டு மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்கும் கடமையை உள்ளாட்சி அமைப்பின் மீது சுமத்தியிருக்கிறது. முடிவு திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் அந்த வாரியத்தின் சென்னை மண்டல அலுவலகத்திற்கும் எழுதுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளையும் விட்டுவிடாதீர்கள். அங்கே கிடைக்கும் மனு எண்ணை வைத்துப் பின்தொடர முடியும், ஆட்சியரின் மேசையிலிருந்து வரும் குறிப்புக்குக் கல்வி அலுவலகத்தில் உள்ள மதிப்பே வேறு.

இதனூடே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்துங்கள். பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு விண்ணப்பம் போதும், 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். நீண்ட கேள்விகள் வேண்டாம். “எங்கள் வட்டாரத்தில் எத்தனை சிறப்பாசிரியர்கள் பணியில் உள்ளனர், எத்தனை குழந்தைகள் பதிவாகியுள்ளனர், என் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் கோப்பின் நகல் வேண்டும்” என்று கேளுங்கள். முதல் இரண்டு எண்கள் ஏன் என்றால், ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேலுள்ள வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை வகுத்தது. 2025 மார்ச்சில் பணியிடங்களை உருவாக்கி அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையும் இட்டது. உங்கள் வட்டாரத்தின் எண்ணிக்கையை அந்த விகிதத்தின் அருகில் வைத்தால், “ஆசிரியர் இல்லை” என்ற சாக்கு பள்ளியின் காரணமாக இல்லாமல் அரசின் குறையாக மாறிவிடும்.

மாநில ஆணையர்

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிட வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே மனு எழுதி அனுப்பலாம். ஆட்களை அழைப்பது, ஆவணங்களைக் கேட்டு வாங்குவது ஆகியவற்றில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் செய்யும் பரிந்துரையின் மீது உரிய அதிகார அமைப்பு மூன்று மாதங்களுக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தை அவருக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும். பரிந்துரை என்பது தீர்ப்பு அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனால் ஆணையரிடமிருந்து அறிவிக்கை வந்ததுமே பேச்சுக்கு இறங்கிவரும் நிர்வாகங்கள் உண்டு. வர மறுத்தாலும், பிற்பாடு உயர் நீதிமன்றத்தில் அந்தப் பரிந்துரை உங்கள் கையில் வலுவான ஆவணம்.

பலர் பார்வையில் குழந்தையை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இப்பிரிவை உண்மையாகவே அப்படி நடந்த இடத்தில் மட்டும் எடுங்கள். பேரம் பேசுவதற்காகக் காவல் நிலையம் போனால், பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் முடிந்துவிடும்.

இலவச சட்ட உதவி

“வக்கீலுக்குக் கொடுக்க எங்களிடம் ஏது பணம்?” என்று கேட்பவர்களும், “இலவச வக்கீல் ஏழைகளுக்குத்தானே?” என்று கேட்பவர்களும் ஒரே செய்தியை அறியாதவர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர்கள். ஆகவே மனுதாரராகத் தாய் இருந்தால் அவருக்கே உரிமை உண்டு. தந்தை மனு செய்வதானால் குழந்தையின் பெயரில், அதன் காப்பாளராகச் செய்யட்டும். பெயரை எப்படிப் போடுகிறோம் என்ற ஒரு வரியில் தகுதி கிடைப்பதும் போவதும் இருக்கிறது.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்ட சட்டப் பணிகள் குழுவும் இயங்குகின்றன. கோப்புடன் நேரில் சென்று, முன் அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அங்குள்ள சட்டத் தன்னார்வலர்கள் எழுதித் தருவார்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தும் தொடங்கலாம். வழக்கறிஞர் கட்டணம் மட்டுமன்றி நீதிமன்றக் கட்டணம், தட்டச்சு, நகல் ஆகிய செலவுகளும் இதில் அடங்கும். வழக்கறிஞர் யாரும் பணம் கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். நியமிக்கப்பட்டவர் அக்கறை காட்டவில்லை என்றால் மாற்றித் தருமாறும் கேட்கலாம்.

வழக்கு போடுமுன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: பள்ளிக்கு ஆணைக்குழுவிலிருந்து ஒரு கடிதம் அனுப்பி, இரு தரப்பையும் அழைத்துப் பேச முடியுமா என்று. செயலாளராக இருப்பவர் ஒரு நீதிபதி. அவர் முன்னிலையில் அமர்ந்து, “மணியடிக்கும்போது ஐந்து நிமிடம் வராந்தாவில் நிற்க விடமாட்டோம்” என்று சொல்வது எந்த நிர்வாகிக்கும் கூச்சமாக இருக்கும். அங்கே எட்டிய உடன்பாட்டையும் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்ட நகலை வாங்கிவிடுங்கள்.

உயர் நீதிமன்றம்

எல்லாம் பயனற்றுப் போனால் அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின் கீழ் நீதிப்பேராணை மனு, அதாவது ‘ரிட்’ மனு. திருச்சி, தஞ்சாவூர் முதல் தெற்கே கன்னியாகுமரி வரையுள்ளவர்கள் மதுரைக் கிளையிலும், மற்றவர்கள் சென்னையிலும் தாக்கல் செய்ய வேண்டும். இங்கும் சட்டப் பணிகள் குழுக்கள் உண்டு. நீதிமன்றம் முதலில் கேட்பது, “அதிகாரியிடம் மனு கொடுத்தீர்களா, எந்தத் தேதியில்?” என்பதுதான். பெரும்பாலும் முதற்கட்டத்தில் கிடைப்பதும், அந்த மனுவை இத்தனை வாரங்களுக்குள் பரிசீலித்து முடிவெடுக்குமாறு கல்வி அலுவலருக்கு இடப்படும் ஆணைதான். இதைத் தோல்வியாகக் கருதிச் சோர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. கெடு வைத்த நீதிமன்ற ஆணை வந்த பிறகு அலுவலர் கோப்பைத் தொடாமல் இருக்க முடியாது, தொடாவிட்டால் அது நீதிமன்ற அவமதிப்பு. கல்வியாண்டு கைநழுவும் அவசரம் இருந்தால், வழக்கு முடியும் வரை பிள்ளையை வகுப்பில் அமர்த்தும் இடைக்கால ஆணையைத் தனியாகக் கேட்குமாறு வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். ஜூன் மாதப் பிரச்சினையை ஜனவரியில் கொண்டுபோனால் அந்த அவசரத்தை எவரும் நம்ப மாட்டார்கள்.

பொதுத்தேர்வுச் சலுகைகள்

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளை, குறைபாட்டின் தன்மைக்கேற்ப, அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்குகிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் செல்ல வேண்டும். ஆகவே தேர்வுக்கு முந்தைய பருவத்திலேயே தலைமையாசிரியரிடம் மருத்துவச் சான்றுடன் எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். அனுமதி ஆணையின் நகல் தேர்வு நாளன்று பிள்ளையின் பையில் இருக்கட்டும். அறைக் கண்காணிப்பாளருக்கு விவரம் தெரியாமல் விடைத்தாளைப் பிடுங்குவது நடக்கக்கூடியது. 2021இல் நீட் தேர்வில் கையால் எழுதுவதில் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு உரிய ஒரு மணி நேரம் தரப்படாமல், அவர் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சரிசெய்யும் வழியை ஆராயுமாறு தேர்வு முகமைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

பதினெட்டு வயதுக்குப் பிறகும் இந்தக் கோப்புக்கு வேலை உண்டு. அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 விழுக்காட்டுச் சான்று உள்ளோருக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீடும், வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் உள்ளன. மதியிறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்க, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழ் மாவட்டத்தில் உள்ள உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் பழைய மதிப்பீட்டு அறிக்கைகளைக் கேட்பார்கள். எனவே மூலத்தை எவரிடமும் கொடுக்காமல், சான்றொப்பமிட்ட நகல்களை மட்டும் கொடுத்து, எந்த நகல் எந்தத் தேதியில் எந்த அலுவலகத்திற்குப் போனது என்று கோப்பின் முதல் பக்கத்தில் குறித்து வாருங்கள்.